சிவப்புத் துணி கட்டாத கட்டிங் மெஷின்

என் முட்டாள்தனத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதைவிட அது கௌரவம். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு சுவர்க் கடிகாரம் மாட்டுவதற்காக, நான் முக்கால் மணி நேரம் ஒரு டிரில்லிங் மெஷினைப் பின்பக்கமாகச் சுற்ற விட்டு சுவரோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். சுவரில் ஒரு பொட்டு அளவுக்குக்கூடக் குழி விழவில்லை. ஆனால் என் நெற்றியில் வேர்வை ஆறாக ஓடியது, வீடு முழுக்கச் சூடான இரும்பு வாசனை. கோயில் மதிலுக்கு வாங்கி மிஞ்சிப்போன கல்லில்தான் இந்த வீட்டைக் கட்டியிருக்க வேண்டும் என்று என் மனைவியிடம் விளக்கம் வேறு சொன்னேன். அவளும் நம்பினாள். அன்றைக்குக் கோயிலுக்குப் போய்விட்டு அப்படியே எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்த என் சகலை, சுவரைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மெஷினை என் கையிலிருந்து வாங்கிக்கூடக் கொள்ளவில்லை. கட்டைவிரலை மட்டும் நீட்டி விசைக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சின்னக் குமிழை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குத் தள்ளினார். "இப்ப போகும்" என்றார். போனது. பத்து விநாடி. கோயில் கல் எல்லாம் இல்லை, சாதாரணச் செங்கல்.

சகலை என்றால் என் மனைவியின் தங்கை கணவர். வயதில் என்னைவிட ஒன்றரை வருஷம் பெரியவர், உறவு முறையில் சின்னவர். யார் யாரை எப்படிக் கூப்பிடுவது என்ற சிக்கலுக்கு, கல்யாணமான வாரத்திலேயே அவரும் என்னை சகலை என்று கூப்பிட்டு, நானும் அவரை சகலை என்று கூப்பிட்டு முற்றுப்புள்ளி வைத்துவிட்டோம். அவர் பெரிய தொழிற்சாலையில் மெஷின் பிரிவில் ஃபிட்டர். கைலாசபுரம் டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ். நான் ஒரு கல்லூரி அலுவலகத்தில் தலைமை எழுத்தர். அதாவது, அவர் இரும்பை ஒரு மயிரிழை பிசகாமல் இழைத்துக்கொண்டிருந்த காலத்தில் நான் 'மேற்கண்ட பொருள் தொடர்பாக' என்று எழுதிக்கொண்டிருந்தேன். குடும்பத்தில் யாருக்கு ஆணி அடிக்க வேண்டும் என்றாலும் அவரைக் கூப்பிடுவார்கள். யாருக்கு விண்ணப்பம் எழுத வேண்டும் என்றாலும் என்னைக் கூப்பிடுவார்கள். இந்தப் பங்கீட்டில் எனக்கு ஒரு சின்ன மனக்குறை உண்டு. ஆணி அடித்தவனுக்குப் பஜ்ஜி போட்டுக் கொடுப்பார்கள். விண்ணப்பம் எழுதியவனுக்கு "சரி, கையெழுத்து எங்க போடணும்?" என்பதோடு சரி.

அவருடைய குவார்ட்டர்ஸின் பின்பக்கம் ஸ்கூட்டர் நிறுத்தும் ஷெட் ஒன்று இருந்தது. ஸ்கூட்டர் எப்போதும் வெயிலில் நிற்கும். உள்ளே இருந்தவை கருவிகள். சுவரில் பச்சைப் பெயின்ட் அடித்த பெரிய பிளைவுட் பலகை. அதில் ஒவ்வொரு கருவிக்கும் அதனதன் உருவத்தை வெள்ளைக் கோட்டில் வரைந்திருப்பார். சுத்தியலை எடுத்தால் அந்த இடத்தில் சுத்தியல் வடிவத்தில் ஒரு வெறுமை தெரியும். ஸ்பானர்கள் பெரியதிலிருந்து சிறியதுவரை குடும்பப் போட்டோவுக்கு நிற்பதுபோல வரிசையாக இருக்கும். குறடு, ஹாக்ஸா, பைப் ரென்ச், விதவிதமான அரங்கள், உளிகள், மூலையில் டிரில்லிங் மெஷின், அதற்குக் கீழே, தட்டு மாதிரி ஒரு கல் வீல் சுழன்று இரும்பை அறுக்கும் கட்டிங் மெஷின். அவருக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது ஒரு தட்டை அரம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதுகூட அதன் பிடியை உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டிருப்பார். எனக்குப் பிடித்தது ரசமட்டம். கண்ணாடிக் குழாய்க்குள் குமிழி ஓடும், அதை நடுவில் கொண்டுவந்து நிறுத்தினால் தளம் மட்டமாக இருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பலகையில் இருந்தவற்றிலேயே யாரையும் கடிக்காத, குத்தாத, ஷாக் அடிக்காத ஒரே ஜீவன் அதுதான். என் மாதிரி ஆளுக்கு அவ்வளவுதான் தகுதி.

அவர் கருவிகளை இரவல் கொடுக்க மாட்டார் என்று நினைக்க வேண்டாம். தாராளமாகக் கொடுப்பார். ஆனால் தொழிற்சாலைப் பழக்கம் ஒன்றை வீட்டிலும் வைத்திருந்தார். எந்தக் கருவியைக் கொடுத்தாலும் கூடவே ஒரு முழம் சிவப்புத் துணி கொடுப்பார். கருவி கீழே விழுந்தாலோ, எதிலாவது மோதினாலோ, சத்தம் மாறினாலோ அந்தத் துணியை அதில் கட்டித் திருப்பித் தர வேண்டும். கட்டியிருந்தால் அவர் ஒரு கேள்வியும் கேட்க மாட்டார். பிரித்துப் பார்ப்பார், சரிசெய்வார், பலகையில் மாட்டுவார். துணி கட்டாமல் வந்தால் அது நல்ல கருவி, கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். முதல் தடவை அவர் என்னிடம் இதைச் சொன்னபோது, "விழுந்ததுக்குத் திட்டு கிடையாது சகலை. சொல்லாததுக்குத்தான்" என்றார். அந்த வீட்டில் எல்லோரும் அதன்படி நடந்தார்கள். அவர் மனைவியே ஒருமுறை கத்தரிக்கோலில் சிவப்புத் துணி கட்டிச் சாப்பாட்டு மேஜையில் வைத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். நான் சிரித்தேன். அவர்கள் சிரிக்கவில்லை.

இனி என் கதைக்கு வருகிறேன். எங்கள் தெருவுக்குப் புது ரோடு போட்டார்கள். தெரு நாலு விரல் உயர்ந்தது. எங்கள் வாசல் இரும்பு கேட் உயரவில்லை. அதன் அடியில் ஈட்டி மாதிரி நீட்டிக்கொண்டிருந்த கம்பிகள் ரோட்டில் தட்டி, கேட் பாதிக்கு மேல் திறக்காமல் போயிற்று. பால் பாக்கெட் வாங்கக்கூடப் பக்கவாட்டில்தான் நழுவ வேண்டும். எனக்கு அப்போதைய தொப்பைக்கு அது சாமானியமாக நடக்கும் காரியமில்லை. சகலைக்குப் போன் போட்டேன். "ஞாயித்துக்கிழமை வந்து அறுத்துத் தர்றேன்" என்றார். அங்கேதான் எனக்கு வீம்பு வந்தது. கடிகாரச் சம்பவத்துக்குப் பிறகு என் மனைவி வீட்டில் எந்தச் சாமான் மக்கர் பண்ணினாலும் "அந்தச் சின்னக் குமிழைத் தள்ளிப் பாருங்க" என்று சொல்ல ஆரம்பித்திருந்தாள். மிக்ஸிக்கும் அதுதான், கேஸ் அடுப்புக்கும் அதுதான். ஒருமுறை என் மாமனாருக்கு விக்கல் எடுத்தபோதும் சொன்னாள். எனவே, "நீங்க மெஷினை மட்டும் கொடுங்க சகலை, நான் அறுத்துக்கறேன்" என்றேன். மறுமுனையில் அவர் எதையோ பலகையில் மாட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "வந்து எடுத்துக்கங்க. கண்ணாடியும் எடுத்துக்கங்க. கையைச் சாய்க்காதீங்க, நேரா இறங்கணும். சாஞ்சா வீல் உடைஞ்சிடும்" என்றார். அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

கேட்டை நானும் மனைவியும் கழற்றி இரண்டு செங்கல்லின் மேல் படுக்கப் போட்டோம். கண்ணாடி போட்டுக்கொண்டேன். மெஷினை ஓட்டினேன். சத்தம் கேட்டதும் எதிர்வீட்டு மாமா வாசலுக்கு வந்துவிட்டார். பதினோரு கம்பி. முதல் கம்பியை அறுக்கும்போது கையும் காலும் சேர்ந்து நடுங்கின. மூன்றாவதில் கால் மட்டும். ஏழாவதில் நான் பிறவியிலேயே ஃபிட்டர், ஏதோ கிரகக் கோளாறால் எழுத்தராகிவிட்டேன் என்று தோன்ற ஆரம்பித்துவிட்டது. பதினோராவது கம்பி துண்டாகி விழுந்ததும் எதிர்வீட்டு மாமா கைதட்டினார். "பேஷ் ஓய்! எங்காத்து கேட்டும் இப்படித்தான் தட்டறது. அடுத்த கைங்கர்யம் எங்காத்துக்கு!" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. மெஷினை நிறுத்தி, மல்யுத்தத்தில் ஜெயித்தவன் கோப்பையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினேன். வயர் அவ்வளவு நீளமில்லை என்பது எனக்குத் தெரியாது. வயருக்குத் தெரிந்திருந்தது. வெடுக்கென்று இழுத்தது. மெஷின் என் கையை விட்டு, வாசல் கருங்கல் படியில் வீல் பக்கமாகப் போய் விழுந்தது.

எடுத்துப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. வீலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன், கீறல்கூடத் தெரியவில்லை. ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன், ஓடியது. எதிர்வீட்டு மாமா நாகரிகமாக உள்ளே போய்விட்டார். மனைவி மட்டும், "அந்தச் சிவப்புத் துணியைக் கட்டிடுங்க" என்றாள். "எதுக்கு? ஒண்ணும் ஆகலையே" என்றேன். உண்மை அதுவல்ல. துணி கட்டிக்கொண்டு போனால் பதினோரு கம்பி அறுத்த பெருமை போச்சு. சகலை ஒன்றும் கேட்க மாட்டார், அதுதான் எனக்குத் தாங்காது. ஒன்றும் கேட்காமல் அவர் மெஷினைப் பிரிப்பதை நான் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். அந்தத் துணியில் என் கையைத் துடைத்து அழுக்காக்கியிருந்தேன். துவைத்து, இஸ்திரி போட்டு, நாலாக மடித்து மெஷினோடு பையில் வைத்தேன். இன்றைக்கு நினைத்தாலும், நான் செய்ததிலேயே கேவலமானது அந்த இஸ்திரிதான் என்று தோன்றுகிறது.

மறுநாள் சத்திரம் பஸ் ஸ்டாண்டில், கைலாசபுரம் வழியாகப் போகும் துவாக்குடி பஸ் ஏறினேன். பையைக் காலடியில் வைத்தபோது நங்கென்று சத்தம் கேட்டு கண்டக்டர் திரும்பினார். "பையில என்ன சார்?" என்றார். "இரும்பு அறுக்கிற மெஷின்" என்றேன், கொஞ்சம் மிடுக்காக. "பஸ்ஸை அறுத்துடாதீங்க சார், டிப்போல என்னைத்தான் கேப்பாங்க" என்று டிக்கெட்டைக் கிழித்தார். பஸ்ஸில் எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். சகலை வீட்டில் மெஷினை நானே பலகையில், அதன் வெள்ளைக் கோட்டுக்குள் மாட்டினேன். "எல்லாம் சரியா இருந்துச்சா?" என்று கேட்டார். "பிரமாதம்" என்றேன். மடித்த துணியை வாங்கிப் பார்த்து, "இஸ்திரியெல்லாம் போட்டிருக்கீங்க" என்றார். அவர் முகத்தில் ஒரு சந்தோஷம். என்னை முதல் தடவையாக வேலை தெரிந்தவனாக அவர் மதித்தார் என்று நினைக்கிறேன். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சகலை வாஷிங் மெஷினுக்கு ஒரு ஸ்டாண்ட் செய்வதற்காக அதே மெஷினில் இரும்பு ஆங்கிள் அறுத்துக்கொண்டிருந்தார். நாங்களும் போயிருந்தோம். நான் ஷெட் வாசலில் ஸ்டூல் போட்டு, கையில் பஜ்ஜித் தட்டோடு, பதினோரு கம்பி அனுபவத்திலிருந்து அவருக்கு ஆலோசனைகள் வழங்கிக்கொண்டிருந்தேன். இரண்டாவது துண்டை அறுக்கும்போது பட்டாசு மாதிரி ஒரு சத்தம். வீல் சிதறிவிட்டது. மெஷினின் தடுப்புத் தகடு பெரும்பாலான துண்டுகளை வாங்கிக்கொண்டது. ஒன்று அவருடைய கண்ணாடியில் பட்டுத் தெறித்தது. ஒன்று மட்டும் இடது கையில், கையுறை முடியும் இடத்துக்கு மேலே, ஆழமாகக் கிழித்துவிட்டது. முதலில் மெஷினை அணைத்தார், பிறகு பிளக்கைப் பிடுங்கினார், அதற்குப் பிறகுதான் கையைப் பார்த்தார். தட்டு என் கையிலிருந்து எப்போது விழுந்தது என்று எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். நரம்புக்கு ஒன்றுமில்லை, பிழைத்தது கை என்றார் டாக்டர். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது கொழுந்தியாள், "அந்தச் சனியன் மெஷினைத் தூக்கிப் போடுங்க" என்று அழுதாள். அவர் கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டே, "மெஷின் என்ன பண்ணும்? என் கைதான் சாஞ்சிருக்கு" என்றார்.

எனக்கு அந்த இடத்திலேயே தெரியும், கருங்கல் படியில் விழுந்தபோதே வீலுக்குள் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விட்டிருக்கிறது. துணி கட்டாததால் அவர் கண்ணை மூடிக்கொண்டு எடுத்திருக்கிறார். சொல்ல வாயைத் திறந்தேன். என்ன சொன்னேன் தெரியுமா? "சகலை, உங்க கை சாயாது. என் புத்திதான் சாஞ்சு கிடக்கு." எல்லோரும் அந்த அழுகையிலும் லேசாகச் சிரித்தார்கள். வாழ்நாள் முழுக்க வேடிக்கை பேசியவனுக்கு இது ஒரு தண்டனை. உண்மையைச் சொன்னாலும் அடுத்து ஏதோ நகைச்சுவை வரப்போகிறது என்று முகத்தைத் தயாராக வைத்துக்கொள்கிறார்கள். அடுத்த வாரம் ஆப்பிளும் கையுமாகப் போய், "நான் ஒரு கொலைகாரன் சகலை" என்று ஆரம்பித்தேன். "ஆப்பிள் அவ்வளவு மோசமாவா இருக்கு மாமா?" என்றாள் கொழுந்தியாள். மூன்றாவது தடவை ஆரம்பிக்கவே இல்லை. என் மனைவி மட்டும் சிரிப்பதை நிறுத்தியிருந்தாள். வீடு திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும்" என்றாள்.

காயம் ஆறிவிட்டது. இன்றும் அவர் சட்டைக் கையை மடித்தால் வெளிர்க் கோடாக அது தெரியும். ஆறாதது வேறு. அவர் ஷெட் பக்கம் போவதை நிறுத்திவிட்டார். தொழிற்சாலையில் லைட்டான வேலை கொடுத்திருந்தார்கள். அது முடிந்து மெஷினுக்குத் திரும்ப வேண்டிய நாள் நெருங்க நெருங்க, மனிதர் வாடிப்போனார். ஒருநாள் கொழுந்தியாள் எனக்கே போன் செய்தாள். "மாமா, இன்னிக்கு எங்க வீட்டு டேப்புக்கு வாஷர் போட வெளியாள் வந்துட்டுப் போறாரு மாமா" என்றாள். வேறு எந்த வீட்டிலும் இது ஒரு செய்தியே இல்லை. அந்த வீட்டில் அது இழவுச் செய்திக்குக் கொஞ்சம்தான் குறைவு. இன்னொன்றும் சொன்னாள். காலையில் காப்பி கொண்டுபோனபோது, அவர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறார். கையை முன்னால் நீட்டி, அதன்மேல் ரசமட்டத்தை வைத்து, குமிழியையே பார்த்துக்கொண்டிருக்கிறார். குமிழி ஓடிக்கொண்டே இருக்கிறது. யார் கையில் வைத்தாலும் ஓடத்தான் செய்யும். நான் என் கையில் ஒரு ஸ்கேலை வைத்துப் பார்த்தேன், அது கீழேயே விழுந்துவிட்டது. ஆனால் இதை அவரிடம் யார் சொல்வது?

அதற்கடுத்த ஞாயிறு அவரே கூப்பிட்டார். "சகலை, ஒரு விண்ணப்பம் எழுதணும். வாங்க" என்றார். போனேன். சாப்பாட்டு மேஜையில் வெள்ளைத்தாள், பேனா, அடியில் வைக்க ஒரு நோட்டு எல்லாம் தயாராக இருந்தன. அவர் எனக்கு எத்தனையோ கருவிகளை இரவல் கொடுத்திருக்கிறார். என்னிடமிருந்து அவர் இரவல் கேட்டது இதுதான் முதல் தடவை. "மெஷின் பிரிவுலேருந்து ஸ்டோர்ஸுக்கு மாத்திக் கேட்டு எழுதுங்க. நாளைக்குக் காலைல கொடுத்துடறேன்" என்றார். "ஸ்டோர்ஸ்ல என்ன வேலை?" என்றேன். "சாமான் எண்ணி வைக்கணும். கை வேலை இல்லை." காரணம் என்ன போடுவது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் ஜன்னல் வழியாக ஷெட்டைப் பார்த்தார். "கை முன்ன மாதிரி நிக்கலைன்னு போடுங்க. வீல் உடைஞ்சது ஒரு அடையாளம். இத்தனை வருஷத்துல என் கையில ஒண்ணுகூட உடைஞ்சதில்லை. வீட்டுல எனக்கு உடைஞ்சுது. அங்க உடைஞ்சா பக்கத்துல நிக்கிறவனுக்குல்ல போகும்?" என்றார்.

'ஐயா' என்று எழுதினேன். 'பொருள்: இயந்திரப் பிரிவிலிருந்து பண்டகப் பிரிவுக்கு மாறுதல் வேண்டுதல்' என்று எழுதினேன். எத்தனையோ பேருக்காக எத்தனையோ காரணங்களைப் புளுகி எழுதிய கை இது. இல்லாத பாட்டிமார்களைக் கொன்றிருக்கிறேன். நல்ல முதுகுகளில் வலியை வரவழைத்திருக்கிறேன். 'என் கையின் உறுதி நாளடைவில் குறைந்துவருவதால்' என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. வாயால் சொன்னால் மறுபடியும் ஏதாவது வேடிக்கையாக வந்துவிடும் என்று பயமாக இருந்தது. அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, புதுத் தாள் எடுத்தேன். எனக்குத் தெரிந்த ஒரே பாணியில் எழுதினேன். அனுப்புநர், சகலை, ஸ்ரீரங்கம். பெறுநர், சகலை, கைலாசபுரம். பொருள், கட்டிங் மெஷினைக் கீழே போட்டதும் அதை மறைத்ததும் தொடர்பாக. மேற்கண்ட பொருள் தொடர்பாகத் தெரிவித்துக்கொள்வது என்னவென்றால், தங்களிடமிருந்து பெற்ற மேற்படி மெஷின், வேலை முடிந்தபின் என் கை தவறி எங்கள் வீட்டு வாசல் கருங்கல் படியில் வீல் பக்கமாக விழுந்தது. சிவப்புத் துணி கட்டும்படி என் மனைவி சொல்லியும் நான் கட்டவில்லை. கெட்டிக்காரன் என்ற பெயர் போய்விடும் என்பதே காரணம். துணியை இஸ்திரி போட்டது ஏமாற்றுவதற்காக. அடுத்து அந்த மெஷினை எடுத்தவர் தாங்கள். தங்கள் கை சாயவில்லை என்பதையும், சாய்ந்ததாக இத்தனை நாள் தங்களை நம்பவிட்டது நான் என்பதையும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, அவர் பக்கம் நகர்த்தினேன்.

அவர் எதையும் விரல் வைத்துத்தான் படிப்பார். படம் போட்ட கல்யாணப் பத்திரிகையைக்கூட அப்படித்தான். விரல் வரி வரியாக நகர்ந்தது. 'பொருள்' என்ற வரியில் ஒருமுறை நின்று, மேலே போய் 'அனுப்புநர்' பார்த்துவிட்டு, திரும்ப இறங்கியது. கொழுந்தியாள் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, எங்கள் இருவர் முகத்தையும் பார்த்து, சமையலறைக்குப் போனாள். கடைசி வரியைப் படித்தபின் அவர் மறுபடி முதலிலிருந்து படித்தார். கெட்ட வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் வாயில் அது வந்து நான் கேட்டதில்லை, ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரு முதல் தடவை உண்டு. எழுந்து போகச் சொல்வார் என்று காத்திருந்தேன். செருப்பை எங்கே விட்டேன் என்றுகூட யோசித்துவிட்டேன். "சகலை, ஏதாவது சொல்லுங்க. அடிச்சாலும் பரவாயில்லை" என்றேன். அவர் தாளை மேஜையில் வைத்து உள்ளங்கையால் அழுத்தி நீவினார். இடது சட்டைக் கையை மடித்து, அந்தத் தழும்பைக் கொஞ்ச நேரம், வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார். இரண்டு மாதமாக அவர் முகத்தில் நான் பார்க்காத ஒரு பார்வை, மெஷினைப் பிரித்துப் பார்க்கும்போது மட்டும் வருவது, என்மேல் வந்து நின்றது.

"எவ்வளவு உயரத்துலேருந்து விழுந்துச்சு?"